பலகையை யார் இறக்கிவைப்பார்?

சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையத்துக்குப் பொங்கோல் வட்டாரவாசி ஒருத்தியின் திறந்த மடல்

வணக்கம்.

ஓட்டுநர் இல்லாத பேருந்தில் ஏறத் துணிச்சல் இருக்கிறதா என்று எங்களை ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேட்பவர்கள் பொங்கோல் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது. வடகிழக்கு ரயில் பாதை 2003 ஜூனில் திறக்கப்பட்ட நாளிலிருந்தே அதில் ஓட்டுநர் கிடையாது. 2005 ஜனவரியிலிருந்து ஓடும் எங்கள் இலகு ரயிலிலும் கிடையாது. ஓட்டுநர் உட்கார வேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டிவைத்து வேடிக்கை பார்த்தே இந்த வட்டாரப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவர்களில் மூத்தவர்கள் தேசியச் சேவைக்கே, அதாவது கட்டாய ராணுவப் பணிக்கே, போய்விட்டார்கள்.

2025 செப்டம்பரில் நீங்கள் எங்கள் வட்டாரத்துக்கான பாதைகளை அறிவித்தீர்கள். வாடகைக் கார் செயலி நிறுவனமான கிராப், வீரைடுடன் சேர்ந்தும், டாக்சி நிறுவனமான கம்ஃபர்ட்டெல்குரோ, போனி ஏஐ-யுடன் சேர்ந்தும் தானியங்கிச் சிற்றுந்துகளை ஓட்டும் என்றீர்கள் (வீரைடும் போனி ஏஐ-யும் தானியங்கி வண்டித் தொழில்நுட்ப நிறுவனங்கள்). தொடக்கத்தில், தேவைப்பட்டால் வண்டியைக் கையில் எடுக்க, உள்ளே ஒரு பாதுகாப்பு அதிகாரி இருப்பார் என்றும் சொன்னீர்கள். அந்த அறிவிப்புக்குப் பிறகு எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் நான் கேட்டதில் பயம் குறைவுதான். "ஓடும், நல்லாத்தான் ஓடும். நடுவழியில நின்னுட்டா யாருகிட்டப் பேசுறது?" என்றார் ஒரு பெரியவர். இந்த மடல் முழுக்க அவர் கேட்ட கேள்வியைப் பற்றித்தான்.

முதலில் ரயிலையும் பேருந்தையும் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம். இலகு ரயிலுக்கு அதன் தடம் மட்டும்தான் உலகம். குறுக்கே யாரும் வர முடியாது. நின்றுவிட்டாலும் எங்கே நின்றது என்று கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும், ஊழியர் வந்து அழைத்துப் போவார். பேருந்து எங்களோடு கலந்து ஓட வேண்டும். இடது தடத்தில் சரக்கு இறக்க நிற்கும் லாரி, சிவப்பு விளக்கைக் கணக்கில் எடுக்காத உணவு விநியோகச் சைக்கிள், பாதி சாலை கடந்த பிறகு குடையை மறந்துவிட்டேன் என்று திரும்பி நடக்கும் பாட்டி, எல்லோரும் அங்கே உண்டு. "ரயிலை ஏற்றுக்கொண்டீர்களே, பேருந்துக்கு என்ன?" என்று கேட்பது சரியான வாதம் ஆகாது. ரயிலில் நாங்கள் நம்பியது இயந்திரத்தை மட்டும் இல்லை. வேலியையும், நடைமேடைக் கதவையும், அவசரப் பொத்தானுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆளையும் சேர்த்துத்தான்.

இயந்திரம் பிழையில்லாமல் நடந்துகொண்டும் விபத்தில் சிக்கலாம் என்பதற்கு லாஸ் வேகஸ் நல்ல உதாரணம். 2017 நவம்பர் 8 அன்று அங்கே ஓட்டுநரில்லாச் சிற்றுந்து ஒன்றைச் சேவைக்கு விட்டார்கள். முதல் நாளே, சில மணி நேரத்துக்குள், பின்னோக்கி வந்த ஒரு லாரி அதை இடித்தது. சிற்றுந்து விதிப்படி லாரிக்குச் சில அடி முன்னால் நின்றுவிட்டது. அதற்குமேல் என்ன செய்வது என்று அதற்குத் தெரியவில்லை. ஹார்ன் அடிக்கவில்லை, பின்னால் நகரவும் இல்லை. உள்ளே இருந்தவர்கள் லாரி நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். உதவிக்கு ஓர் ஊழியர் உள்ளே இருந்தார். ஆனால் வண்டியைக் கையால் நகர்த்தும் கருவி அவர் கைக்கு எட்டும் இடத்தில் இல்லை, பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தது. லாரி ஓட்டுநரின் தவறோடு இதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. யாருக்கும் காயமில்லை. நம் ஊர்ப் பேருந்து ஓட்டுநர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஹார்னில் கையை வைத்து எடுத்திருக்கவே மாட்டார்.

அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் நடந்தது எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அங்கே மோதலே இல்லை. 2020 பிப்ரவரியில், சேவை தொடங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் போன சிற்றுந்து திடீரென்று நின்றது. இருக்கையில் இருந்த ஒரு பெண் வழுக்கித் தரையில் விழுந்தார். அந்த வகைச் சிற்றுந்துகள் பயணிகளை ஏற்றுவதை அமெரிக்கா முழுக்க நிறுத்தி வைத்தார்கள். 11 கிலோமீட்டர் என்பது சைக்கிளில் நிதானமாகப் போகும் வேகம்! கார் என்றால் எல்லோரும் இருக்கைவாரோடு உட்கார்ந்திருப்பார்கள். சந்தேகம் வந்தால் பிரேக் போடு என்பது அதற்கு நல்ல விதி. பேருந்தில் அப்படி இல்லை. ஈரச்சந்தையிலிருந்து தள்ளுவண்டிப் பையோடு ஏறிய மூதாட்டி கம்பியைப் பிடிப்பதற்குள் வண்டி ஒரு குலுக்கு குலுக்கினால் இடுப்பெலும்பு போய்விடும். எதை இடிக்காமல் ஓட்டினார்கள் என்பதோடு, எத்தனை முறை சடாரென்று பிரேக் போட்டார்கள் என்பதையும் சேர்த்து எங்களுக்குச் சொல்லுங்கள். பேருந்தின் பாதுகாப்பை உள்ளே நிற்பவர்களை வைத்தும் அளக்க வேண்டும்.

மனிதரும் இயந்திரமும் கலந்து ஓட்டும்போது வரும் சிக்கல் தனி. தோக்கியோவில் 2021 ஆகஸ்டில், உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக் போட்டியாளர்களின் குடியிருப்புக்குள் டொயோட்டாவின் தானியங்கிப் பேருந்து பார்வைக் குறைபாடுள்ள ஜூடோ வீரர் ஒருவரை இடித்தது. வண்டியில் பணியாளர்கள் இருந்தார்கள், வெளியே வழிகாட்டிகளும் நின்றார்கள். அந்த வீரர் தன் போட்டியில் கலந்துகொள்ள முடியவில்லை. நிறுவனத் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். யார் பார்க்க வேண்டும், வண்டியா மனிதரா என்பது தெளிவாக இல்லாத இடத்தில்தான் இரண்டு பேரும் பார்க்காமல் விடுகிறார்கள்.

சரி, விபத்துக் கதைகளை மட்டும் அடுக்கினால் நான் எதிர்ப்பாளர் என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி இல்லை. மக்கள் மனத்தைப் பற்றி எனக்குப் பெரிய பாடம் சொன்னது விபத்தே நடக்காத ஒரு சேவை. ஸ்காட்லாந்தில் 2023 மே மாதம் ஏபி1 என்ற பேருந்துச் சேவை தொடங்கியது. ஃபைஃப் பக்கமிருந்து ஃபோர்த் சாலைப் பாலத்தைக் கடந்து எடின்பரோ பார்க் வரை சுமார் 22 கிலோமீட்டர். பல்கலைக்கழக வளாகத்துக்குள் சுற்றிவரும் பொம்மை வண்டி அல்ல. முழு அளவுப் பேருந்து, நெடுஞ்சாலை வேகம். வாரத்துக்கு 10,000 பயணிகள் வரை ஏற்ற முடியும் என்றார்கள். சட்டப்படி ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பயணிகளுக்கு நடுவில் நடமாடிப் பேச, சீட்டு விற்க, கேள்விகளுக்குப் பதில் சொல்ல இன்னொருவர் இருந்தார். ஓட்டுநரே தேவையில்லாத பேருந்துக்கு இரண்டு பேர்!

அது 2025 பிப்ரவரியில் நின்றுபோனது. காரணம் பயணிகள் போதவில்லை என்பதுதான். மக்கள் பயந்து ஒதுங்கினார்கள் என்று யாரும் சொல்லவில்லை. அந்த வழியில் போகிறவர்களுக்கு அந்தப் பேருந்து எவ்வளவு தேவைப்பட்டது என்பதுதான் கேள்வி. ஒரு முறை ஏறி, படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் வழக்கமான வண்டியில் போனவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள் என்று நான் ஊகிக்கிறேன். வேடிக்கைக்காக ஏறுகிறவர் வழக்கமான பயணி ஆகிவிட மாட்டார். இலவசப் பயணத்தில் ஏறி இறங்கியவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார். அந்தப் பதில்களைக் கூட்டி, இத்தனை விழுக்காட்டினர் ஆதரவு என்று தயவுசெய்து அச்சடிக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, மழை நாளில், மருந்தகத்துக்கு நேரமாகிவிட்ட காலையில் அவர் எந்த வண்டிக்குக் கை காட்டுகிறார் என்று பாருங்கள். மக்கள் மனப்போக்கை அளக்க அதைவிட நல்ல ஆய்வு இல்லை.

இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

என் அம்மா சக்கர நாற்காலியில் போகிறவர். பலதுறை மருந்தகத்துக்கு, அதாவது அரசு மருத்துவரைப் பார்க்க, பேருந்தில்தான் போவோம். வண்டி நிறுத்தத்துக்குள் நுழையும்போதே ஓட்டுநர் எங்களைப் பார்த்துவிடுவார். உள்ளங்கையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்பார். இறங்குகிறவர்கள் இறங்கி முடித்ததும் தன் இருக்கையை விட்டு எழுந்து, நடுக்கதவுக்கு வந்து, தரையோடு மடிந்து கிடக்கும் பலகையைப் புரட்டி நடைபாதையில் இறக்குவார். நான் தள்ள, அவர் முன்னால் பிடிக்க, அம்மா ஏறுவார். நாற்காலியைப் பின்பக்கம் பார்த்தபடி முதுகுத் தாங்கியோடு ஒட்டி நிறுத்தி, பிரேக் போட்டாயிற்றா என்று காலால் தட்டிப் பார்ப்பார். "மானா துருன், மக்சிக்?" என்பார். ஜொகூரிலிருந்து விடியுமுன் கிளம்பி வரும் சீனர் அவர். தமிழ்க் கிழவியிடம் எங்கே இறங்கவேண்டும் என்று மலாயில் கேட்பார், அம்மாவும் பழைய சந்தை மலாயில் ஒரு கதை சொல்லி முடிப்பார். பலகையை மடித்துவிட்டு அவர் இருக்கைக்குத் திரும்பும் வரை வண்டி முழுக்கக் காத்திருக்கும். யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை, ஓட்டுநரே இறங்கி வந்து செய்வதால் இருக்கலாம்.

நம் பொதுப் பேருந்துகள் எல்லாமே 2020 டிசம்பரிலிருந்து சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. பல பணக்கார நாடுகள் இன்னும் எட்டாத நிலை அது, உங்களைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தச் சாதனையின் பாதி அந்தப் பலகையில் இருக்கிறது, மீதிப் பாதி அதை இறக்கும் கையில் இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி வண்டியில் இருக்கும் வரை கவலையில்லை. அவர் இறங்கிப் போன பிறகு பலகை தானாக இறங்குமா? நடைபாதை ஓரத்தில் ஒட்டி நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்றால் என்ன ஆகும்? நாற்காலியைச் சரியாக நிறுத்தியாகிவிட்டது என்று யார் உறுதிப்படுத்துவார்? சின்ன வண்டி என்பதால் சக்கர நாற்காலிக்காரர்கள் வழக்கமான பேருந்துக்கே போகட்டும் என்றுகூட நீங்கள் முடிவு செய்யலாம். அப்படி என்றால் அதையும் இப்போதே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். வழக்கமான பேருந்தும் பின்னொரு நாள் ஓட்டுநரை இழக்கும்போது நாங்கள் நினைவூட்ட வசதியாக இருக்கும்.

செந்தோசா தீவில் 2025 ஜூலையிலிருந்து உள்ளே ஊழியரே இல்லாத சிற்றுந்து ஓடுகிறது, அங்கே சிக்கல் இல்லையே என்பீர்கள். உல்லாசத் தலத்துக்குள் ஒரு சின்னச் சுற்று அது. ஏறுகிறவர் விடுமுறையில் இருப்பவர். இங்கே ஏறுகிறவர் ரத்தப் பரிசோதனைக்காகப் பசியோடு போகிறவர்.

இன்னொரு கூட்டத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. இரவுப் பணி முடிந்து கடைசி வண்டியில் தனியாக வரும் பெண்கள். ஓட்டுநர் அருகில் இருக்கும் இருக்கையை நாங்கள் தேடுவது காற்று வாங்க இல்லை. கேமரா இருக்கிறது என்பீர்கள். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும், சரி. குடித்துவிட்டு ஒருவன் பக்கத்தில் வந்து உட்காரும்போது முன்னாலிருந்து ஒரு குரல் வேண்டும். பொத்தானை அழுத்தினால் எத்தனை நொடியில் மனிதக் குரல் வரும்? ஒரு தொலைக் கட்டுப்பாட்டாளர் ஒரே நேரத்தில் எத்தனை வண்டிகளைப் பார்ப்பார்? பேசப்போவது எந்த மொழியில்? தொலைக்காட்சிச் செய்திக்கும் தேர்தல் சுவரொட்டிக்கும் நான்கு மொழி வைத்திருக்கும் நாட்டில், பதற்றத்தில் தமிழோ மலாயோ மட்டுமே வாயில் வரும் முதியவருக்கு ஆங்கிலத்தில் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது" என்று கேட்கக் கூடாது.

ஓட்டுநர்கள் விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பேச வேண்டியவர்கள் அவர்களும் தேசியப் போக்குவரத்து ஊழியர் சங்கமும். ஆள் பற்றாக்குறை என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து பேருந்து ஓட்ட எங்கள் புளோக்கில் எந்த இளைஞனும் தயாராக இல்லை. ஆனால் பற்றாக்குறையை நிரப்பத்தான் இயந்திரம் என்றால், இப்போது ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் தொலைக் கட்டுப்பாட்டு அறைக்குப் போவார்கள், எந்த ஆண்டுக்குள், என்ன சம்பளத்தில் என்ற கணக்கும் கூடவே வர வேண்டும். எந்த நிறுத்தத்தில் எந்தத் தாத்தா மெதுவாக வருவார் என்று தெரிந்தவர் திரைக்கு முன்னால் உட்கார்ந்தால் எனக்கும் கொஞ்சம் நிம்மதி.

நீங்கள் சொன்ன காலக்கணக்கையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பொங்கோல், தெங்கா, ஜூரோங் புத்தாக்க வட்டாரம் ஆகிய இடங்களில் 2022 முதல் தானியங்கிப் பேருந்து ஓடும் என்று 2017 நவம்பரில் சொல்லப்பட்டது. 2019 மார்ச்சில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் வால்வோவும் 12 மீட்டர் நீளத் தானியங்கிப் பேருந்தைத் திரை விலக்கிக் காட்டின. 80 பேர் பயணம் செய்யலாம் என்றார்கள். அப்புறம் கொவிட் வந்தது. 2022-உம் வந்து போனது. 2025 ஜனவரியில், 191, 400 ஆகிய இரண்டு சேவைகளில் சோதித்துப் பார்க்க ஆறு சின்னப் பேருந்துகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரினீர்கள். தாமதத்தை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. அவசரப்பட்டு ஓட்டியிருந்தால்தான் கோபம் வந்திருக்கும். ஆனால் எது கைகூடவில்லை, எதைக் கற்றுக்கொண்டீர்கள், 80 பேர் போகும் வண்டி ஏன் சின்ன வண்டியாகச் சுருங்கியது என்று உட்கார்ந்து விளக்கியிருந்தால், 2026 முடிவுக்குள் 100 முதல் 150 தானியங்கி வாகனங்கள் என்ற அமைச்சரின் இலக்கைக் கேட்டதும் எங்கள் கீழ்த்தளத்தில் "பார்க்கலாம், பார்க்கலாம்" என்ற சிரிப்பு எழுந்திருக்காது.

மறைப்பது என்ன செய்யும் என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவைப் பார்க்கலாம். 2023 அக்டோபர் 2 அன்று, மனிதர் ஓட்டிய ஒரு கார் இடித்துத் தள்ளிய பெண், க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லா டாக்சிக்கு முன்னால் விழுந்தார். டாக்சி அவர் மீது மோதி நின்றது. பிறகு ஓரமாக நிறுத்துகிறேன் என்று அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. இழுத்துப்போன பகுதியை நிறுவனம் தங்களிடம் முழுமையாகச் சொல்லவில்லை என்று கலிஃபோர்னிய அதிகாரிகள் அந்த மாதமே உரிமத்தை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு முடிவதற்குள் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் டாக்சித் திட்டத்துக்குப் பணம் போடுவதையே கைவிட்டது. முதல் மோதல் அவர்கள் தவறே இல்லை. உண்மையை அன்றே முழுதாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கவும் வாய்ப்பு இருந்தது.

அதே கலிஃபோர்னியாவில் சோதனை நிறுவனங்கள் மோதல் அறிக்கைகளைப் பத்து நாளுக்குள் கொடுக்க வேண்டும், யாரும் எடுத்துப் படிக்கலாம். இயந்திரத்திடமிருந்து மனிதர் எத்தனை முறை கட்டுப்பாட்டைப் பிடுங்க வேண்டியிருந்தது என்ற ஆண்டு அறிக்கையும் பல காலமாக வெளியாகி வந்தது. அந்த எண்ணிக்கையில் ஏமாற்ற இடமுண்டு என்பது எனக்குத் தெரியும். காலியான சாலையில் ஓட்டினால் குறைவாகத்தான் வரும். அதனால்தான் எண்ணோடு இடத்தையும் நேரத்தையும் காரணத்தையும் சேர்த்துக் கேட்கிறேன். எத்தனை குற்றப்புள்ளி வாங்கினால் ஓட்டுநர் தேர்வில் தோல்வி என்று பயிற்சிப் பள்ளி வாசலில் நிற்கும் பையனுக்குத் தெரியும். பாதுகாப்பு அதிகாரியை இறக்கிவிட இந்த வண்டிகள் எதில் எவ்வளவு வாங்க வேண்டும் என்று எங்களுக்கும் தெரிய வேண்டாமா? பொதுச்சாலைக்கு வருமுன் அவற்றை நீங்கள் சோதிக்கிறீர்கள். அந்தச் சோதனையின் வினாத்தாள் ரகசியமாக இருக்கத் தேவையில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. மாதம் ஒரு பக்கம் போதும். பொங்கோலின் ஒவ்வொரு பாதையிலும் அந்த மாதம் பாதுகாப்பு அதிகாரி எத்தனை முறை தலையிட்டார், எந்தச் சந்திப்பில், எதற்காக. எத்தனை முறை வண்டி சடாரென்று நின்றது, யாராவது விழுந்தார்களா. அவசரப் பொத்தான் எத்தனை முறை அழுத்தப்பட்டது, பதில் வர எவ்வளவு நேரமானது. நான்கு மொழிகளிலும் அதைப் பேருந்து நிறுத்தத்தில் ஒட்டுங்கள். செயலியிலும் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் அம்மாவிடம் இருப்பது பட்டன் கைபேசி.

அதிகாரியை இறக்கும் தேதி முடிவானால், அதற்கு மூன்று மாதம் முன்பே சக்கர நாற்காலிக்காரர்களையும் பார்வையற்றவர்களையும் இரவுப் பணிப் பெண்களையும் ஆளில்லா வண்டியில் ஏற்றிப் பாருங்கள். அமைச்சரும் நாளிதழ்ப் படக்காரரும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில். வரச் சொன்னால் அம்மாவை அழைத்து வருகிறேன். காலை ஒன்பதரைக்கு முன்னால் மட்டும் வேண்டாம், அவருக்கு மாத்திரை நேரம்.

இப்படிக்கு,
பொங்கோல்வாசி ஒருத்தி